நடுவுல வைங்க அண்ணாச்சி!

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது "ஆட்டோமொபைல் துறையில் இன்றைய முன்னேற்றம்" என்று ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே தலைப்பில் ஏற்கனவே இரண்டு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். ஆகவே எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பரோட்டாக் கடை!

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் தூத்துக்குடியில் சாயங்காலம் திறக்கிற பரோட்டாக் கடைக்கு "நைட் கிளப்" என்று பெயர். கேலி இல்லை, ஊரே அப்படித்தான் சொல்லும். 2023-இல் முதலாமாண்டு சேர்ந்த புதிதில் "சனிக்கிழமை நைட் கிளப் போறோம், வாரியா?" என்று தருமபுரிக்காரனைக் கூப்பிட்டோம். அவன் முதலில் பயந்தான். பிறகு ஹாஸ்டலில் யாரிடமோ சட்டை இரவல் வாங்கி, சென்ட் அடித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றான். பழைய துறைமுகம் பக்கத்தில் பெஞ்சும் மேசையும் போட்ட ஒரு கடைக்குள் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். "டேய், இதுவாடா?" என்றான். பத்து நிமிடம் கழித்து அவன் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. வாய் நிறையப் பரோட்டா!

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். ஹாஸ்டல் வழக்கப்படி யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். கோவில்பட்டி, ஏரல், காயல், தருமபுரி. நான் உள்ளூர்க்காரன், முள்ளக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். என் அம்மா உப்பளத்தில் வேலை பார்ப்பது தெரிந்ததும் எனக்கு "உப்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இதைவிட மோசமான பெயரெல்லாம் எங்கள் செக்‌ஷனில் உண்டு.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலிலேயே பெரிய கல், அதன் நடுவில் குழி, குழி நிறைய எண்ணெய். மாஸ்டர் மைதா உருண்டையை வீசி, மடித்து, சுருட்டி, தட்டி அதில் போடுவார். அது எண்ணெயில் பொரிந்து பொன் நிறமாக வரும். இதுதான் பொரிச்ச பரோட்டா. இலையில் விழுந்ததும் கையால் நொறுக்க வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அதன் மேல் சால்னா. சால்னாவுக்குக் காசு கிடையாது, எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள். (ஐந்தாவது முறை கேட்டால் மட்டும் முகத்தைப் பார்ப்பார்கள்.)

காசு எல்லாம் சின்னத் தட்டில்தான் இருக்கிறது. சுக்கா, ஈரல், பிச்சுப்போட்ட கோழி, காடை, ஆம்லெட் எல்லாம் உள்ளங்கையை விரித்தால் மூடிவிடக்கூடிய தட்டில், ஒரு வாழையிலைத் துண்டு போட்டு வரும். ஆளுக்கு ஒன்று வாங்கினால் சொத்தை எழுதி வைக்க வேண்டும். அதனால் ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு மூன்று தட்டு சொல்லுவோம். கொண்டுவருகிறவர், "தம்பி, சுக்கா யாருக்கு?" என்று கேட்பார். ஐந்து பேரும் ஒரே குரலில் சொல்லுவோம்: "நடுவுல வைங்க அண்ணாச்சி!"

முதல் தடவை எனக்கு அந்த நடுத்தட்டில் கை வைக்கவே கூசியது. எங்கள் வீட்டில் அவரவர் தட்டு அவரவருக்கு. அடுத்தவர் தட்டில் கை போட்டால் "எச்சிக்கையை வைக்காதலே" என்று அடி விழும். இங்கே ஐந்து கை ஒரே தட்டில் போகிறது. நான் தயங்குவதைக் காயல்தான் பார்த்தான். அவன் ஊர் காயல்பட்டினத்தில் கல்யாண விருந்தென்றால் சஹன் என்ற பெரிய தட்டில்தான் நெய்ச்சோறும் களரிக்கறியும் வைப்பார்களாம். ஒரு சஹனைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "ஒன் பக்கத்துல இருக்கறத நீ எடு. அடுத்தவன் பக்கம் கை போகக் கூடாது. நல்ல கறி ஒன் பக்கம் கெடந்தா அவன் பக்கம் தள்ளிவிடு. அவ்வளவுதான் சட்டம்" என்றான். எங்கள் சின்னத் தட்டில் யார் பக்கம் எது என்று பிரிக்க வெர்னியர் காலிபர்தான் வேண்டும். ஆனாலும் அந்தச் சட்டத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் கடையில் ஒரு தட்டு சுக்காவில் 11 துண்டு இருக்கும். நான் பல தடவை எண்ணியிருக்கிறேன். ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு போனால் மீதி ஒன்று. இந்தப் பதினோராவது துண்டு தட்டில் கிடக்கும்போது ஐந்து பேருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். ஒருவன் தண்ணீர் குடிப்பான், ஒருவன் போனைப் பார்ப்பான். கடைசியில் ஏரல்தான், "சரி, யாருக்கும் வேண்டாம்னா வீணாப் போயிரும்லா" என்று சொல்லி எடுப்பான். வீணாய்ப் போகக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை அவனுக்கு!

நான் ஒருநாளும் எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் சாளைக் குழம்பு வைத்தால் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவாள். சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தலைதான்யா பிடிக்கும்" என்பாள். சாளைத் தலையில் என்ன இருக்கிறது? பெரிய மீன் தலை என்றால் ருசி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சாளைத் தலையை ஒருத்தி முப்பது வருடம் விரும்பிச் சாப்பிட முடியாது என்று எனக்கு விளங்கவே பதினேழு வயசாகிவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் அதற்கு முன்பே எனக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது. கடைசித் துண்டைக் கண்டால் என் கை தானாகப் பின்னால் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. காசு. ஒரு சனிக்கிழமைக் கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 20 பரோட்டா 300 ரூபாய், சுக்கா 180, கோழி 160, இரண்டு ஆம்லெட் 40. ஆக மொத்தம் 680. ஐந்தால் வகுத்தால் 136. கோவில்பட்டி போனில் ஸ்கேன் செய்து மொத்தமாகக் கட்டிவிடுவான், நாங்கள் அவனுக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அங்கேயே போனைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். நான் திங்கட்கிழமை சில்லறையாகக் கொடுப்பேன். முகூர்த்த நாட்களில் கேட்டரிங்காரர்களோடு பந்தி பரிமாறப் போவேன், அதில் வருகிற காசு அது. நண்பர்களுக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நூறு இலைக்குச் சாம்பார் ஊற்றிய கையோடுதான் திங்கட்கிழமை டிராயிங் போர்டு முன்னால் நிற்பேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 2023 டிசம்பர் 17, 18 வந்தது. இந்த மாவட்டத்தில் அந்த இரண்டு நாட்களை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஊர் ஊராக வெள்ளம். காயல் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஏரல் ஊரை ஆறே புகுந்து அடித்தது. எங்கள் பக்கம் அளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரம் எல்லாம் கரைந்து போனது. பாத்திகளில் சேறு. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது என்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையை எப்படியாவது தள்ளிவிட்டால் தையில் வேலை தொடங்கும். அந்த வருடம் அம்மாவுக்குப் பங்குனி வரை வேலை இல்லை. அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே தவறிவிட்டார். அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. பரிமாறுகிற காசும் வீட்டு அரிசிக்குப் போனது.

நான் சனிக்கிழமைகளில் "வயிறு சரியில்லை" என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வாரம் நம்பினார்கள். இரண்டாவது வாரம் தருமபுரி இஞ்சி மிட்டாய் வாங்கித் தந்தான். மூன்றாவது வாரம் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடை வாசலில் நான் உள்ளே வராமல் நின்றேன். அப்போது கோவில்பட்டி, கடையெல்லாம் கேட்கும்படி, "டேய் உப்பு, காசப் பத்திக் கவலப்படாத. ஒன் பங்க நான் போடுறேன், வா!" என்றான்.

பக்கத்து மேசையில் எலக்ட்ரிக்கல் பையன்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் சிரித்தார்களா, அல்லது வேறு எதற்கோ சிரித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எனக்கு என்ன பிச்சையா போடுத?" என்று கேட்டுவிட்டேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், மலரில் அச்சிட முடியாது. பையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தும் திருச்செந்தூர் ரோட்டில் வீடுவரை நடந்தே போனேன். கோபத்தில் நடந்தால் தூரம் தெரியாது என்பார்கள். பொய். முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

அதன்பின் நானும் கோவில்பட்டியும் பேசவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இருவரும் ஒரே பேட்ச், ஒரே லேத். பேசாமல் ஒரு ஸ்டெப் டர்னிங் ஜாப் முடித்தோம். அவன் அளவு பார்ப்பான், நான் டூலை நகர்த்துவேன். ஒரு வார்த்தை கிடையாது. ஜாப் என்னவோ மிக நன்றாக வந்தது. இன்ஸ்ட்ரக்டர் பாராட்டினார். பாராட்டையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டோம்.

இப்போது யோசித்துப் பார்த்தால் அவன் கொடுக்க வந்ததில் தப்பு இல்லை. சத்தமாகக் கொடுக்க வந்ததுதான் தப்பு. என் பக்கத்திலும் தப்பு உண்டு. "கையில் காசு இல்லை" என்ற மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்றைக் காரணம் சொன்னேன், பாவம், அது நன்றாகத்தான் இருந்தது, பசித்துக்கொண்டும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் காயல் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் திறந்து வைத்தான். "உம்மா குடுத்து விட்டாங்க" என்றான். நான் எடுக்கவில்லை. கோவில்பட்டியும் எடுக்கவில்லை. காயல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வெள்ளத்துல எங்க வீட்டு அரிசி மூட்டை, மெத்தை, பிரிட்ஜ் எல்லாம் போச்சு. பத்து நாள் தெருவுல அடுப்பு மூட்டி ஆக்குன சோத்தத்தான் தின்னோம். யார் வீட்டு அரிசின்னு எங்க வாப்பா கேக்கல. எங்க வாப்பா ஒன்னவிட ரோசக்காரர்லே."

அவன் அதற்கு மேல் பேசவில்லை. கோவில்பட்டி பாக்ஸிலிருந்த முட்டையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான். மஞ்சள் கரு பெரிதாக இருந்த பாதி. மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்துச் சாப்பிட்டேன். "வயிறு இப்ப சரியாயிருச்சாடா?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை முதல் சட்டம் மாறியது. யார் போட்டது என்று தெரியாது, யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. பரோட்டா அவரவர் கணக்கு, இரண்டு தின்றால் இரண்டுக்குக் காசு. நடுவில் ஒரே ஒரு சின்னத் தட்டு, அது மட்டும் பொது. அன்றைக்கு நான் இரண்டு பரோட்டாவோடு சால்னாவை நான்கு முறை வாங்கி எழுந்தேன். என்னைவிடக் குறைவாகத் தின்றவன் தருமபுரி. அவனுக்கும் வீட்டிலிருந்து அந்த மாதம் பணம் வரவில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னான். இத்தனை நாளும் அவன் யாரிடமோ கடன் வாங்கி 136 ரூபாய் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்!

2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. முதல் 1,000 ரூபாய் என் கணக்கில் விழுந்தபோது புத்தகம் வாங்கியது போக மீதியை வைத்து ஒரு காரியம் செய்ய நினைத்தேன். அம்மாவிடம், "எம்மா, நைட் கிளப்புக்குப் போவோமா?" என்று கேட்டேன். அவளுக்கு ஊர்ப்பெயர் தெரியும், தருமபுரி மாதிரி பயப்படவில்லை. ஆனால், "எனக்கு எதுக்குய்யா? பார்சல் வாங்கிட்டு வா" என்றாள். பார்சல் கட்டினால் பொரிச்ச பரோட்டா நமத்துப் போகும் என்று டெக்னிக்கலாக எடுத்துச் சொன்னேன். அரை மனதாகச் சம்மதித்தாள்.

கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கடை வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள். "வேண்டாம்மா, போட்டுக்கிட்டே வரலாம்" என்றேன். சுவரோரமாகப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். இந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறாளாம். உள்ளே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கல்லாவுக்குப் பின்னால் கல்லுப்புச் சாக்கு இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

நான்கு பரோட்டா, ஒரு சுக்கா, ஒரு ஆம்லெட் சொன்னேன். அண்ணாச்சி தட்டோடு வந்து, "தம்பி, சுக்கா அம்மாவுக்கா?" என்றார்.

"நடுவுல வைங்க அண்ணாச்சி."

அவர் வைத்துவிட்டு நகர்ந்ததும் அம்மா தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் அவள் பக்கம் தள்ளினேன். "எனக்குச் சால்னாவே போதும், நீ தின்னு" என்று மறுபடி தள்ளினாள். மேசை மேல் அந்தச் சின்னத் தட்டு லேத் கேரேஜ் மாதிரி இப்படியும் அப்படியும் போய் வந்தது. கடைசியில், "எம்மா, இங்க சட்டம் இருக்கு. ஒன் பக்கத்துல இருக்கத நீதான் எடுக்கணும்" என்று காயல் சொன்னதைச் சொன்னேன். சட்டம் என்றதும் எடுத்தாள். என் அம்மா சட்டத்துக்குப் பயந்தவள்.

உப்பு வாரி வாரி அவள் விரல் நுனிகளில் வெடிப்பு இருக்கும். சுக்கா மசாலா அதில் பட்டு எரிந்திருக்க வேண்டும். இலை ஓரத்தில் விரலைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். ஸ்பூன் வாங்கித் தரட்டுமா என்றேன். "போலே, ஸ்பூன்ல தின்னா ருசி தெரியுமா?" என்றாள். இரண்டாவது துண்டுக்குப் பிறகு நிதானமாகச் சொன்னாள், "உப்பு கொஞ்சம் தூக்கல்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. சால்னா வாளியோடு போன அண்ணாச்சி நின்றுவிட்டார். அம்மாவின் கையைப் பார்த்தார். "அளத்துல வேல பாக்கியளோ?" என்று கேட்டார்.

"முப்பது வருசமா."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே மாஸ்டரிடம் போய் ஏதோ சொன்னார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

நண்பர்களே, இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் பாமே அளவில் சுமார் 3 டிகிரி இருக்கும். பாத்தியில் கட்டி வெயிலில் வற்ற வற்ற அது ஏறிக்கொண்டே போய் 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு விழ ஆரம்பிக்கும். இதை ஹைட்ரோமீட்டர் வைத்து அளப்பார்கள். என் அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. பாத்தித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து "இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்று சொன்னால் இரண்டாம் நாள் உப்பு விழும். ஒரு சுக்காவில் உப்பு தூக்கல் என்று அவள் சொன்னால் அதற்கு மறுபரிசீலனை கிடையாது.

அன்றைக்கும் 11 துண்டுதான். ஆளுக்கு ஐந்து போயிற்று. மீதி ஒன்று தட்டில் கிடந்தது. நான் தண்ணீர் குடித்தேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அம்மா பரோட்டாக் கல்லைப் பார்த்தாள். ஏரல் பக்கத்தில் இல்லாதது பெரிய குறையாகப் போய்விட்டது.

இரண்டு பேரும் கை வைக்காமல் இருப்பதைப் பார்த்து, மேசை துடைக்கிற பையன் வந்து தட்டை எடுக்கக் கை நீட்டினான். அம்மா சட்டென்று தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருய்யா, இன்னும் ஒண்ணு கெடக்குல்லா!"

பிய்த்து, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை என் இலையில் வைத்தாள். எது பெரிய பாதி என்று நான் பார்த்தேன். அவள் தின்றதுதான் பெரியது. பில் 260 ரூபாய் ஆயிற்று. வெளியே வந்ததும், "அந்த ஆம்லெட்டு மட்டும் நம்ம வீட்டுலயே போட்டிருக்கலாம்" என்றாள்.